வழங்கியை இடம் மாற்றலாம், வாக்கை மாற்றலாமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை, என் அறையின் மூலையில் நான்கு ஆண்டுகளாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கணினியை நிறுத்தினேன். பேச்சில் சர்வர் என்று நாம் சொல்லும் வழங்கியாக அது இயங்கிவந்தது. ஹைதராபாதில் நான் வாடகைக்கு இருக்கும் ஓர் அறையிலிருந்து அது மூன்று பணிகளைச் செய்தது. ஒன்று, என் ஆய்வுக்காகத் தொகுத்த சொல்லடைவைத் தேடிப் பார்க்க உதவும் இணையதளம். இரண்டு, எங்கள் துறையின் ஆய்வு மாணவர்கள் சிலர் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பிடம். மூன்று, செகந்திராபாதின் பழைய தமிழ்க் குடும்பங்களிடம் நான் எடுத்த ஒலிப்பதிவுகளின் கிடங்கு. முதலிரண்டும் இப்போது மும்பையில் உள்ள ஒரு தரவு மையத்தில், மாத வாடகைக்கு எடுத்த வழங்கியில் இயங்குகின்றன. மூன்றாவதை நான் மாற்றவில்லை. இரண்டை ஏன் மாற்றினேன், ஒன்றை ஏன் நிறுத்தி வைத்தேன் என்பதைச் சக ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் உரியதன்று என்பதே காரணம்.

வீட்டில் வழங்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் தொழில்நுட்ப ஆர்வத்தால் வந்ததன்று. எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் பட்டம் பெற்று வெளியேறிய சில மாதங்களில் அவருடைய பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டது. முன்னறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது சென்றது மூடப்படவிருந்த அதே மின்னஞ்சல் முகவரிக்கு. வேலை தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. களக்குறிப்புகளில் ஒரு பகுதி அத்துடன் போயிற்று. பிறர் இடத்தில் வைத்த பொருளுக்குப் பிறர் சொல்வதே காலக்கெடு என்பதை அன்று கண்டேன். பழைய அலுவலகக் கணினி ஒன்றை இரண்டாம் விலைக்கு வாங்கி, 2 டெராபைட் கொள்ளளவுள்ள இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, லினக்ஸ் நிறுவினேன். என் தரவு என் கூரையின்கீழ் இருக்கிறது என்ற நிறைவு சிறிதன்று. ஒரு வலைத்தளம் உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை வகுப்பறையைவிட அந்தக் கணினியே எனக்குக் கூடுதலாகக் கற்பித்தது. ஆகவே, இனி நான் எழுதப்போவது வீட்டு வழங்கியைப் பழிக்கும் எழுத்தாகப் படிக்கப்பட வேண்டாம்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் தந்தையாரின் அறுவைச் சிகிச்சைக்காக ஊருக்குச் சென்றேன். நான் கிளம்பிய இரண்டாம் நாள் ஹைதராபாதில் கோடைமழையும் காற்றும் அடித்து மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். அரைமணி நேரம் தாங்கியது. பிறகு மின்சாரம் திரும்பியது, கணினி திரும்பவில்லை. மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி செய்யும் அமைப்பு பல கணினிகளின் பயாஸில் உண்டு. அதை நான் மாற்றி வைக்க மறந்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்திருக்கும். ஆனால் அறை பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில், மருத்துவமனை வராந்தாவில் இருந்தது. பதினோரு நாள்கள் எல்லாம் முடங்கின.

அந்தப் பதினோரு நாள்களில் வேறொரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தார். சொல்லடைவிலிருந்து எடுத்தாண்ட சான்றுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும், தளம் எப்போது திறக்கும் என்பதே கேள்வி. மூன்றாம் மடலின் தொனி மாறியிருந்தது: 'சிரமத்திற்கு மன்னிக்கவும், ஐயா. நாளை சமர்ப்பிக்க வேண்டும். சரிபார்க்க இயலாத சான்றுகளை நீக்கிவிடுகிறேன்.' தவறு என்னுடையது; மன்னிப்புக் கேட்டவர் அவர். என் சுதந்திரம் என்று நான் கருதிய ஏற்பாடு, அதை நம்பியிருந்த இன்னொருவருக்கு என் குடும்பச் சூழலையும் என் மறதியையும் சார்ந்த ஒன்றாக இருந்திருக்கிறது. ஒரு தளத்தைப் பொதுவில் திறந்து வைத்து, முகவரியைக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் இட்ட பிறகு, அது என் அறைக்குள் நடக்கும் தனிப்பட்ட சோதனையாக இருக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்கும் வழங்கி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எஞ்சிய ஒரு விழுக்காடு 87.6 மணி நேரம். ஏறத்தாழ மூன்றரை நாள்களுக்கும் சற்று மேல். என் பதினோரு நாள்கள் மட்டுமே 264 மணி நேரம். செலவிலும் பெரிய சேமிப்பு இல்லை. என் பழைய கணினி சராசரியாக 60 வாட் எடுத்துக்கொண்டது. ஆண்டு முழுவதும் ஓடினால் 525 யூனிட்டுக்கு மேல்; யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 4,200 ரூபாய். யு.பி.எஸ். மின்கலமும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டிய வன்தட்டும் தனி. நான் இப்போது எடுத்திருக்கும் சிறிய வழங்கியின் வாடகை இதைவிட அதிகம்தான். ஆனால் வித்தியாசம் ஓர் ஆய்வு மாணவரால் தாங்க முடியாததன்று.

இணைய முகவரியின் நெருக்கடியையும் சொல்ல வேண்டும். நாம் இன்னும் பெரிதும் நம்பியிருக்கும் ஐ.பி.வி.4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. அவற்றின் மைய இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று பிராந்தியப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்துபோனது. ஆகவே பல இணையச் சேவை நிறுவனங்கள் எண்ணற்ற வீடுகளை ஒரே பொதுமுகவரியின் பின்னால் வைக்கின்றன. உள்ளிருந்து வெளியே செல்ல இதில் தடையில்லை. வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதவைத் தட்டத்தான் வழியில்லை. என் இணைப்பும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவ்வாறு மாற்றப்பட்டது. புதிய ஐ.பி.வி.6 முகவரி இருந்தாலும், தளத்தைப் பார்க்க வருபவரின் இணைப்பிலும் அது இருந்தால்தான் பயன். எனவே வெளியில் ஒரு சிறு வழங்கியை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து என் அறைக்கு ஒரு சுரங்கவழி அமைத்துச் சமாளித்தேன். அதாவது, வீட்டு வழங்கி என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, கடைசி இரண்டு ஆண்டுகளாக ஒரு வாடகை இயந்திரத்தின் தயவில்தான் உலகத்தைப் பார்த்தது. நான் பிறரைச் சாராமல் இருக்கிறேன் என்பது அப்போதே பாதி பொய்யாகியிருந்தது.

மின்னஞ்சலை வீட்டிலிருந்து இயக்கும் முயற்சியை நான் முதல் ஆண்டிலேயே கைவிட்டேன். வீட்டு இணைப்புகளில் அஞ்சல் அனுப்பும் வாயிலைப் பல நிறுவனங்கள் அடைத்து வைக்கின்றன. ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள், நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரிகள் என்று வீட்டு இணைப்புகளைத் தனிப்பட்டியலாகவே பேணுகின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநரின் அடையாளச் சான்றுகளை மேலும் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கிவிட்டன. குப்பை அஞ்சலைத் தடுக்க இவை தேவைதான். ஆயினும், நெறியாளருக்கு அனுப்பிய இயல் சென்று சேர்ந்ததா இல்லையா என்ற ஐயத்துடன் ஒருவர் ஆய்வு செய்ய இயலாது.

இவ்வளவையும் நண்பர்களிடம் சொன்னபோது இருவகை மறுமொழிகள் கிடைத்தன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர், 'கடைசியில் நீங்களும் சரணடைந்துவிட்டீர்கள்' என்றார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்த முடிவில் உடன்பாடில்லை. தன் தரவைத் தானே ஆள்வது என்பது இயந்திரம் எந்த அறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று என்று கருதுகிறேன். தளத்தின் பெயர் என் பெயரில் பதிவாகியிருக்கிறதா, கோப்புகள் எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவில் உள்ளனவா, முழு நகல் ஒன்று என் கையில் இருக்கிறதா, நாளையே வேறிடம் செல்ல முடியுமா என்ற நான்கையும் பொறுத்தது அது.

இடமாற்றத்தின்போது இதை நேரில் உணர்ந்தேன். முந்தைய நாளே பெயர்ப் பதிவின் காலக்கெடுவை 300 நொடிகளாகக் குறைத்து வைத்தேன். தரவுத்தளத்தைச் சாதாரண உரைக்கோப்பாக இறக்கி, புதிய வழங்கியில் ஏற்றி, சொல்லடைவில் நூறு தேடல்களை இரு இடங்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்பினேன். ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. கட்டுரைகளின் அடிக்குறிப்பிலிருந்த முகவரி ஒன்றுகூட மாறவில்லை. இப்போதுள்ள நிறுவனம் விலையை ஏற்றினாலோ கடையை மூடினாலோ இன்னொரு மாலைப்பொழுதில் வேறிடம் செல்வேன். வாடகை வீட்டில் குடியிருப்பவர் தன் பெட்டியைக் கட்டத் தெரிந்தவராக இருந்தால் போதும், அவர் அடிமையல்லர்.

மற்றொரு வகை மறுமொழி இதற்கு நேர் எதிரானது: 'அப்படியானால் எல்லாவற்றையும் மேகத்தில் போட்டுவிட வேண்டியதுதானே? எதற்கு இந்த மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?' இதைக் கேட்பவர்களே பெரும்பான்மையினர். அவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுவேன். தமிழ் இணையத்தின் தொடக்ககால உரையாடல்களில் கணிசமான பகுதி மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாகூ குழுமங்களில் நிகழ்ந்தது. யாகூ அச்சேவையை 2020 டிசம்பர் 15 அன்று முற்றிலும் மூடியது. அதற்கு முன்பே பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கியிருந்தது. யாரேனும் தனியாக எடுத்து வைத்தவை மட்டுமே இன்று உண்டு. தமிழ் இணைய வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தது, 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு மூலமும் போயிற்று, நகலும் போயிற்று. மேகம் என்ற சொல் மயக்கம் தருவது. அதுவும் ஒரு கட்டடம். அதற்கும் கூரை உண்டு, மின்கம்பி உண்டு, நெருப்புப் பிடிக்கும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, தரவு மையங்களும் வழங்கிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களும் தம் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு விவரம், பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை, அவர் சேவையை விட்ட பின்னும் ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சொல்லடைவை நடத்தும் எனக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் வாடகை வழங்கியில் வைப்பது என்பது எனக்கும் தரவுக்கும் இடையில் மூன்றாவது ஒருவர் நிரந்தரமாக வந்து நிற்பது என்பதை மறக்கலாகாது. வாடகை இயந்திரத்தின் வன்தட்டை மறையாக்கம் செய்தாலும், அது இயங்கிக்கொண்டிருக்கும்போது திறவுகோல் அதன் நினைவகத்தில் இருக்கும். இயந்திரத்தின் உரிமையாளர் விரும்பினால் எட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கும்.

இனி அந்த மூன்றாவது பணி. செகந்திராபாத், 1806இல் பிரிட்டிஷாரின் படைமுகாமாக உருவான நகரம். சென்னை மாகாணத்துப் படைப்பிரிவுகளையும், அவற்றைத் தொடர்ந்து வந்த வணிகத்தையும் தொழிலையும் ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றன. அவர்களுடைய பேச்சுவழக்கை ஆராய, முப்பத்தொரு முதியவர்களிடம் மணிக்கணக்கில் பதிவு செய்தேன். மொழி ஆய்வுக்கு இயல்பான பேச்சு வேண்டும். இயல்பாகப் பேசத் தொடங்கினால் மனிதர்கள் தம் வாழ்க்கையைத்தான் பேசுவார்கள். யார் யாரைச் சாதி மாறி மணந்தார், எந்த வீட்டுப் பாகப்பிரிவினையில் யார் ஏமாற்றப்பட்டார், எந்த மகன் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்பதெல்லாம் அந்த ஒலிப்பதிவுகளில் உண்டு, ஊர் பெயருடனும் ஆள் பெயருடனும்.

ஒரு பாட்டி, இரண்டு மணி நேரம் பேசி முடித்த பின், பதிவுக் கருவியைச் சுட்டிக் கேட்டார்: 'தம்பி, இதெல்லாம் எங்க போவும்? எம் மருமக காதுல விழுந்தா வீடு ரெண்டாயிடும்.'

'இல்லைங்க பாட்டி. என் ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர்லதான் இருக்கும். வேற எங்கயும் போவாது.'

'உன் ரூம்லதானே? அப்ப சரி.'

அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் 'பாதுகாப்பான முறையில் சேமிக்கப்படும்' என்ற பொதுவான வாசகம்தான் இருந்தது. படிவத்தின்படி எந்த நாட்டின் தரவு மையத்திலும் அதை நான் வைக்கலாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வுப் பணிகளுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. ஆனால் அவர் ஒப்புக்கொண்டது படிவத்தை அன்று, என் அறையை. தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆளையும், அந்த ஆள் சொன்ன ஓர் இடத்தையும் நம்பி அவர் 'சரி' என்றார். கணக்கு மூடப்பட்ட மூத்த ஆய்வாளருக்காக நான் வருந்தியபோது, தரவு என்னுடையது என்ற எண்ணத்தில் வருந்தினேன். இந்தப் பதிவுகள் என்னுடையவை அல்ல. என்னிடம் கொடுத்து வைத்தவை.

அதற்காக அவற்றை அறையிலேயே பூட்டி வைப்பதும் நேர்மையாகாது. பதினோரு நாள் அணைந்து கிடந்த கணினி மீண்டும் இயங்கியபோது, இரண்டு வன்தட்டுகளுள் ஒன்று பழுதாகியிருந்தது. மற்றொன்றில் நகல் இருந்ததால் எதுவும் போகவில்லை. ஒரே அறையில், ஒரே மின்இணைப்பில் இருந்த இரண்டும் ஒன்றாகப் போயிருந்தால், நால்வரின் குரலை இனி எவராலும் திரும்பப் பதிய இயலாது. அவர்கள் இப்போது உயிருடன் இல்லை. பேசியவர் தம் பேச்சு பரவக்கூடாது என்று மட்டும் கருதவில்லை. அது நிலைக்க வேண்டும் என்றும் கருதியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆகவே அறைக்கு வெளியே ஒரு நகல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ரெஸ்டிக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள், கோப்பு நம் கணினியை விட்டு வெளியேறும் முன்பே அதை மறையாக்கம் செய்துவிடும். திறவுகோல் என்னிடமே இருக்கும். சேமிப்பவரால் படிக்க முடியாது. இயங்கும் வழங்கியில் பதிவுகளை வைப்பதற்கும் இத்தகைய பூட்டிய நகலை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தொழில்நுட்பப்படி, நான் கொடுத்த வாக்கு இதனால் மீறப்படுவதில்லை என்றே வாதிடலாம்.

ஆனால் அந்த வாதத்தை எனக்கு நானே சொல்லி, நானே ஏற்றுக்கொள்வது முறையாகாது. ஆகவே ஒவ்வொருவர் வீட்டுக்கும் மீண்டும் செல்லத் தொடங்கியிருக்கிறேன். பாட்டியிடம் இப்படிச் சொன்னேன்: 'என் ரூம் மட்டும் போதாதுங்க பாட்டி. மழை, நெருப்புன்னு ஏதாவது ஆனா உங்க பேச்சு போயிடும். பேங்க் லாக்கர் மாதிரி வெளிய ஒரு பெட்டியில வைக்கலாம்னு இருக்கேன். சாவி என்கிட்டதான் இருக்கும்.' அவர் சற்று யோசித்து, 'நீ போயிட்டா சாவி யார்கிட்ட இருக்கும்?' என்று கேட்டார். நெறிமுறைக் குழு எதுவும் என்னிடம் கேட்காத கேள்வி அது. என்னிடம் விடை இல்லை என்றேன். 'அதைக் கேட்டுக்கிட்டு வா' என்றார். இப்போது நெறியாளரிடம் திறவுகோலின் பிரதியை முத்திரையிட்ட உறையில் ஒப்படைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதுவரை பதிவுகள் இரண்டு மறையாக்கம் செய்த வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று என் அறையில், மற்றொன்று துறையில் எனக்கென உள்ள பூட்டிய பேழையில். துறைப் பேழையைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் வழங்கி வைத்திருக்கும் மாணவர்களும், இனி வைக்க எண்ணுபவர்களும் என்னிடம் கருத்துக் கேட்டால், இயந்திரத்தைப் பற்றிப் பேசும் முன் தம் கோப்புகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். பிறர் பயன்படுத்துவதற்காக நாம் வெளியிட்டவை ஒருபுறம். பிறர் நம்மை நம்பிக் கொடுத்தவை மறுபுறம். முன்னதற்கு நாம் அறையில் இல்லாதபோதும் திறந்திருக்கும் இடம் தேவை. அது வாடகை வழங்கியாகவே இருக்கலாம். முடிந்த தரவுத் தொகுதியாயின், செர்ன் நடத்தும் செனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் இட்டு நிலையான அடையாள எண் பெறுவது இன்னும் நன்று. பின்னதைக் கொடுத்தவரிடம் கேட்காமல் நகர்த்தலாகாது. இரண்டுக்கும் பொதுவாக, வேறொரு கூரையின்கீழ் ஒரு நகல் வேண்டும். அந்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடித்த ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது, அது பெரும்பணி. ஆய்வேட்டின் அடித்தளமான ஒலிப்பதிவுகளும் களக்குறிப்புகளும் சொல்லடைவுகளும் ஆய்வாளரின் வாடகை அறையிலும் பழைய மடிக்கணினியிலும்தான் கிடக்கின்றன. உதவித்தொகை முடிந்த பின் தரவு எங்கே செல்லும், திறவுகோல் யாரிடம் இருக்கும் என்ற இரு வினாக்களை ஒப்புதல் படிவத்திலேயே சேர்த்து, விடையை நிறுவனமே உறுதி செய்தால், என்னைப் போன்றவர்கள் அறை மூலையில் மின்விசிறிச் சத்தத்துடன் நான்கு ஆண்டுகள் உறங்க வேண்டியிராது.

நிறுத்திய கணினி இன்னும் மூலையில்தான் இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யவில்லை, வன்தட்டுகளைக் கழற்றிவிட்டேன். அடுத்த வாரம் பாட்டியின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். உறையை யாரிடம் கொடுப்பது, எப்போது திறப்பது என்பதற்கு உங்கள் துறைகளில் நடைமுறை ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விடை வேண்டும்.